கிடார் கம்பி: பழக வரும் பிள்ளைகளுக்கு

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி டவுன்ஷிப் என்று இந்தப் பக்கத்தில் கிடார் பழக வருகிற பிள்ளைகள் பலர் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்கும்போது சொல்கிற காரணம் அநேகமாக இந்த மூன்றில் ஒன்று: "விரல் எரியுது மாஸ்டர்", "எவ்வளவு ட்யூன் பண்ணாலும் நிக்க மாட்டேங்குது", "நான் வாசிச்சா மட்டும் மொத்துன்னு கேக்குது." அவர்கள் கிடாரை வாங்கிப் பார்த்தால், கடையிலிருந்து வந்தபோது இருந்த கம்பியே இன்னும் இருக்கும். இல்லாவிட்டால் அண்ணன் கல்லூரிக்குப் போகும்போது விட்டுப்போன கம்பி. துருப்பிடித்து, கறுத்து, ஃப்ரெட் பட்ட இடமெல்லாம் குழி விழுந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு பிள்ளை தனக்குச் சங்கீதம் வராது என்று தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. எனக்கு இதைவிடப் பொறுக்காத விஷயம் வேறில்லை. ஒரு செட் கம்பி மாற்றியிருந்தால் தொடர்ந்து வாசித்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

1. கம்பி வாங்கக் கிளம்பும் முன் உங்கள் கிடார் எந்த வகை என்று பாருங்கள்.

பிரிட்ஜில் ஆறு சிறிய பின்கள் குத்தியிருந்தால் அது ஸ்டீல் கம்பிக்கான அக்கூஸ்டிக் கிடார். பின் இல்லாமல் கம்பியைப் பிரிட்ஜிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிடார். இந்த இரண்டாவது வகையில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. சாதாரண 12 அளவு ஸ்டீல் செட்டை முழுச் சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலான் செட் இழுப்பது அதில் ஏறக்குறைய பாதிதான். அந்தப் பாதிக்கென்று மெல்லிசாகச் செய்த பலகை அது. ஸ்டீல் போட்டால் முதலில் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி உப்பும், அப்புறம் ஒரு நாள் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.

நைலானுக்கு முன் அந்தக் கிடார்களில் ஆட்டுக் குடலில் திரித்த நரம்புதான் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த நரம்பெல்லாம் அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, வாசிக்கிறவர்களுக்குக் கிடைக்காமல் போனது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கைவினைஞர் நைலான் இழையில் கம்பி செய்து பார்த்தார். ஸ்பெயின் நாட்டு மேதை ஆண்ட்ரஸ் செகோவியா அதை ஏற்று மேடையில் வாசித்தார். 1940-களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

2. அளவு. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பாக்கெட்டின் மேல் 10-47, 11-52, 12-53 என்று போட்டிருக்கும். முதல் எண் மெல்லிய கம்பியின் கனம், இரண்டாவது எண் தடித்த கம்பியின் கனம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்பது கணக்கு. 10 என்றால் கால் மில்லிமீட்டர், 12 என்றால் 0.30 மில்லிமீட்டர். நம் ஊர் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் இங்கே கவனிக்க வேண்டும். நூலில் கவுண்ட் ஏற ஏற இழை மெல்லிசாகும், 80-ஆம் நம்பர் நூல் 40-ஐவிட மெல்லிசு. கிடார் கம்பியில் அது தலைகீழ். எண் ஏறினால் கம்பி தடிமன்.

0.05 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். ஒரே சுருதிக்கு ஏற்றும்போது கம்பியின் இழுவிசை கனத்தின் இருமடி விகிதத்தில் கூடும். முதல் கம்பி 10 அளவானால் சுமார் 7.4 கிலோ இழுக்கும். 12 அளவானால் 10.6 கிலோ. நூற்றுக்கு 44 பங்கு கூடுதல். புதிதாகப் பழகுகிற விரல் நுனிக்கு இது சின்ன விஷயமே இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை 12 செட்டில் எஃப் கார்டு பிடிக்கப் போராடுவதைப் பார்த்தால் பார்க்கிற நமக்கே கை வலிக்கும்.

அதனால் முதல் ஆறு மாதத்துக்கு 10 போடுங்கள். கை கொஞ்சம் பெரிதாக இருந்தால் 11. "மெல்லிய கம்பியில் சத்தம் வராது, முதலிலேயே கஷ்டப்பட்டுப் பழகினால்தான் கை உறுதியாகும்" என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் உடன்படுவதில்லை. வலியில் கை இறுகித்தான் போகும். இறுகிய கையில் தாளம் நிற்காது. நுனி விரல் காய்த்து, கார்டு மாற்றும்போது விரல் தானாகப் போய் உட்காரத் தொடங்கிய பிறகு 12-க்கு வாருங்கள். தேவாலயப் பாடகர் குழுவில் மைக் இல்லாமல் ஸ்ட்ரம் செய்கிறவருக்கு 12 தேவைப்படும். பலகை நன்றாக அதிர்ந்து சத்தம் பின்வரிசை வரை போகும்.

வீட்டில் இருப்பது 12 செட், இப்போது வேறு வாங்கக் காசில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஆறு கம்பியையும் அரைக் கட்டை இறக்கி ட்யூன் செய்யுங்கள், இழுவிசை நூற்றுக்குப் பதினொரு பங்கு குறையும். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஆறு கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் பழைய சுருதிக்கே வந்துவிடும்.

3. உலோகம்.

மேல் இரண்டு மெல்லிய கம்பியும் எந்த பிராண்டிலும் வெறும் ஸ்டீல்தான். வித்தியாசமெல்லாம் சுற்றுக் கம்பி நான்கிலும் ஸ்டீல் உள்கம்பியின் மேல் எதைச் சுற்றியிருக்கிறார்கள் என்பதில். 80/20 என்று போட்டிருந்தால் செம்பு 80 பங்கு, துத்தநாகம் 20 பங்கு. முதல் நாள் பளீரென்று கேட்கும், ஆனால் நம் காற்றில் சீக்கிரமே மங்கிவிடும். பாஸ்பர் ப்ரான்ஸ் என்பது செம்போடு கொஞ்சம் தகரமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்தது. 1974-இல் டி'அடாரியோ கம்பெனி இதைக் கிடார் கம்பிக்குக் கொண்டுவந்தது. நாதம் சற்று உருண்டையாக இருக்கும், அதிக நாள் தாங்கும். நம் ஊருக்கு இதையே சொல்வேன். கடலூர்க் கடல் ஒரு பக்கம், கோடையில் கை வியர்வை ஒரு பக்கம் என்று உப்பு எப்படியும் கம்பிக்கு வந்து சேர்ந்துவிடும்.

மூன்றாவது வகை கோட்டிங் கம்பி. மழைக்கோட்டுக்கு கோர்டெக்ஸ் துணி செய்கிற அதே கோர் கம்பெனி 1997-இல் எலிக்ஸர் என்ற பெயரில் கொண்டுவந்தது. சுற்றுக் கம்பியின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் இறங்காதபடி மெல்லிய படலம் போர்த்தியிருக்கும். விலை இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு. ஆயுளும் அதற்கேற்ப நீளும். கை ரொம்ப வியர்க்கிறவர்களுக்கு அது செலவே இல்லை. ஆனால் முதல் இரண்டு செட் சாதாரணக் கம்பியாகவே இருக்கட்டும். ட்யூன் செய்யப் பழகும் நாட்களில் முதல் கம்பியைக் கூடுதலாக முறுக்கி அறுப்பது எல்லாருக்கும் நடக்கிறது. விலை கூடிய கம்பியை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.

எலக்ட்ரிக் கிடார் கம்பியும் அதே மாதிரி உறையில்தான் வரும். நிக்கல் பூசி வெள்ளையாக இருக்கும், மூன்றாவது கம்பியில் சுற்று இருக்காது. அக்கூஸ்டிக்கில் போட்டால் கிடார் கெடாது, சத்தம்தான் சப்பென்று போகும். "அக்கூஸ்டிக்" என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

4. போலி.

பெயர் பெற்ற பிராண்டுகளுக்கெல்லாம் போலி வருகிறது. பாதி விலைக்கு மேல் தள்ளுபடி என்றால் சந்தேகப்படுங்கள். டி'அடாரியோ செட்டில் கம்பி முனைக் குண்டுகளுக்குத் தனித்தனி நிறம் உண்டு: முதல் கம்பி வெள்ளி நிறம், இரண்டாவது ஊதா, மூன்றாவது பச்சை, நான்காவது கறுப்பு, ஐந்தாவது சிவப்பு, ஆறாவது பித்தளை நிறம். உறைக்குள்ளே கம்பெனியில் சரிபார்த்துக்கொள்ளும் குறியெண்ணும் இருக்கும். சென்னை போகும் வேலை இருந்தால் அண்ணா சாலையில் மியூஸி மியூசிக்கல் மாதிரிப் பழைய கடையில் இரண்டு மூன்று செட் சேர்த்து வாங்கி வந்துவிடுங்கள். 1842-இல் தொடங்கிய கடை அது. உறை பிரிக்காத கம்பி ஈரம் படாத இடத்தில் நெடுநாள் இருக்கும்.

5. எப்போது மாற்றுவது? நாள் கணக்கும் உண்டு, ஆனால் காதையும் விரலையும் முதலில் நம்புங்கள்.

தினம் ஒரு மணி நேரம் வாசிக்கிறவர்களுக்குக் கோட்டிங் இல்லாத கம்பி இரண்டு மாதம் வரும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதற்கு முன்பே போய்விடும். ஒரே வீட்டில் அக்காவுக்கு மூன்று மாதம் தாங்குகிற கம்பி தம்பிக்கு மூன்று வாரத்தில் கறுத்துவிடுவதும் உண்டு. அது அவரவர் வியர்வையின் குணம். யார் மேலும் குற்றமில்லை.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஆறாவது கம்பியைத் திறந்தபடி ஒரு முறை மீட்டி, சத்தம் முழுக்க அடங்கும்வரை கேளுங்கள். புதுக் கம்பியில் அடிநாதத்தின் மேலே மணி அடித்த மாதிரி ஒரு ரீங்காரம் தனியாக மிதக்கும், மெதுவாக அடங்கும். பழைய கம்பியில் அந்த மேல் ரீங்காரம் இருக்காது, 'தொம்' என்று எழுந்து அப்படியே உட்கார்ந்துவிடும். சுற்றின் இடுக்குகளில் தோல் துகளும் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டு மேல் ஸ்வரங்களை விழுங்கிவிடுகின்றன. புதுக் கம்பியின் நாதத்தை மாற்றிய அன்றே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் கேட்கிற காது கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதைக் கண்டுபிடிக்காது. பதிவோடு ஒப்பிட்டால் உடனே தெரியும்.

அடுத்தது பன்னிரண்டாவது ஃப்ரெட். கம்பியைத் திறந்தபடி ட்யூனரில் சரியாக வையுங்கள். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் லேசாக அழுத்தி மீட்டுங்கள், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். முள் தள்ளி நின்றால், பெரும்பாலும் கம்பி ஓரிடத்தில் அழுக்கேறிக் கனத்தும் இன்னோரிடத்தில் தேய்ந்தும் இருக்கிறது என்று பொருள். நீளம் முழுக்க ஒரே கனம் இல்லாத கம்பி எந்த ட்யூனருக்கும் அடங்காது. "ட்யூன் நிக்கல" என்று அழுகிற பிள்ளைகளில் பலருக்கு நோய் இதுதான். புதுக் கம்பி போட்டும் தள்ளியே நின்றால் பிரிட்ஜையும் நெக்கையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, நகம். கம்பிக்கு அடியில் நகத்தை விட்டு முதல் ஐந்து ஃப்ரெட் வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஃப்ரெட்டின் மேல் உட்கார்ந்த இடங்களில் 'டக் டக்' என்று நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மேலே பார்த்தால் பளபளப்பாக இருக்கும், அடியில் தேய்ந்திருக்கும். இந்தச் சோதனையில் ஏமாற வழியில்லை.

இவை எதுவும் வேண்டாம், கண்ணே போதும் என்கிற நிலையும் உண்டு. மெல்லிய கம்பியில் புள்ளிப் புள்ளியாகத் துரு, வாசித்து முடித்ததும் விரலில் கறுப்பும் இரும்பு வாடையும் என்றால் இன்றே மாற்றிவிடுங்கள். துருக் கம்பி ஃப்ரெட்டையும் அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும், ஃப்ரெட் மாற்றுகிற செலவு கம்பிச் செலவைப் போலப் பல மடங்கு.

6. மழைக்காலத்தில் எல்லாப் பழியையும் கம்பி மேல் போடாதீர்கள்.

கிடார் மரத்துக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் சௌகரியம். நம் வடகிழக்குப் பருவ மழையில் அதெல்லாம் எங்கே. மரம் ஈரம் குடித்து உப்பும், கம்பியின் உயரம் ஏறும், அழுத்த வலிக்கும். அப்போது எந்தக் கம்பி மாற்றினாலும் வலி போகாது. பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, ஈரச்சுவரில் சாய்க்காமல் வையுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது ஓடும் கூரையும் போன வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிக் கிடார் நனைந்துபோனால் முதல் வேலை கம்பிகளை முழுக்கத் தளர்த்துவது. ஈரத்தில் பசை இளகியிருக்கும், இழுவிசை இருந்தால் பலகை பிரியும். துடைத்து, நிழலில் காற்றாட நாள்கணக்கில் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

7. அறுந்தால், எங்கே அறுந்தது என்று பாருங்கள்.

பிரிட்ஜின் மேலுள்ள வெள்ளைச் சேடிலில் அறுந்தால் அங்கே கூர் விளிம்பு இருக்கிறது. கம்பியை முறுக்கும் கீ பக்கம் அறுந்தால் கம்பி அங்கே மடங்கியிருக்கிறது, அல்லது கீயின் துளையில் பிசிர் இருக்கிறது. கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் நட்டின் பள்ளத்தில் அறுந்தால் பள்ளம் இறுக்கம், பென்சில் முனையின் கரியை அதில் தேய்த்துப் பாருங்கள். நடுவில் அறுந்தால் வயது முடிந்தது. ஒரே இடத்தில் இரண்டு முறை அறுந்தால் மூன்றாவது கம்பி வாங்கும் முன் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். செட் புதிதாக இருந்து ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம். பழைய செட் என்றால் ஆறையும் மாற்றுங்கள், ஐந்து கிழக் குரலுக்கு நடுவே ஓர் இளங்குரல் தனித்துக் கேட்கும்.

8. மாற்றும் விதம்.

ஆறையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்து ஒடிந்துவிடாது. ஆனாலும் பழகும்வரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எது எந்தக் கீ என்று குழப்பம் வராது. முதலில் முழுக்கத் தளர்த்துங்கள். இழுவிசையோடு இருக்கிற கம்பியை வெட்டாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. பின் வராவிட்டால் கட்டிங் பிளேயரால் கடித்து இழுக்க வேண்டாம். கிடாரின் நடு ஓட்டைக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு நாணயத்தால் தள்ளினால் எழும்பி வரும்.

புதுக் கம்பியின் குண்டு முனையை லேசாக வளைத்து உள்ளே விட்டு, பின்னின் வெட்டுப் பள்ளம் கம்பியைப் பார்த்திருக்கும்படி செருகுங்கள். பின்னைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுங்கள். குண்டு உள்ளே பலகையில் போய் 'க்ளிக்' என்று உட்காருவது விரலுக்குத் தெரியும். அது உட்காராமல் பின்னின் முனையில் நின்றுவிட்டால், ஏற்றும்போது பின் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். கீயில் தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்றும் மெல்லிய கம்பிக்கு மூன்று நான்கு சுற்றும் போதும். அடுத்த கீ தாண்டிக் கொஞ்சம் வரை நீளம் விட்டால் கணக்குச் சரியாக வரும். சுற்று மேலிருந்து கீழாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இறங்க வேண்டும். மிச்சத்தை வெட்டும்போது முதலில் மடக்கி, பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று நழுவிப் பிரிந்துபோகும்.

9. மாற்றிய அன்றே மேடை ஏறாதீர்கள்.

புதுக் கம்பி இரண்டு மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றியதும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள், நாலைந்து முறை செய்தால் சீக்கிரம் நிற்கும். சுருதி கூடிவிட்டால் கீழே இறக்கி, கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கீயில் தளர்வு மிஞ்சும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசிக்கிறவர்கள் டிசம்பர் 20-க்குள் மாற்றிவிட்டால் 24-ஆம் தேதி ராத்திரிக்குக் கம்பி நன்றாகப் படிந்து, பளபளப்பும் குறையாமல் இருக்கும்.

10. கை கழுவிவிட்டு வாசியுங்கள். பஜ்ஜி தின்ற கையோடு கிடாரைத் தொடாதீர்கள்.

வாசித்து முடித்ததும் துடையுங்கள். குறிஞ்சிப்பாடியில் இருந்துகொண்டு மைக்ரோ ஃபைபர் துணி தேட வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்த கைத்தறிக் கைலித் துண்டு போதும். கம்பியை மேலாகத் தடவினால் பாதி வேலைதான். துணியைக் கம்பிக்கு அடியில் விட்டு இரு விரலால் பிடித்து, நட்டிலிருந்து ஓட்டைவரை ஒவ்வொன்றாக இழுங்கள். முப்பது விநாடி வேலை, கம்பியின் ஆயுள் பாதியாவது கூடும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

11. வீணை வாசிக்கிறவர்களிடம் பேசுங்கள்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் நம் பக்கத்துப் பண்ருட்டியிலிருந்து போகிறது. அந்த வீணையிலும் ஸ்டீல் தந்தி, பித்தளைத் தந்தி இரண்டும் உண்டு, இதே வியர்வையும் இதே கடல் காற்றும்தான். தந்தி உயிரோடு இருக்கிறதா என்று ஒரே மீட்டில் சொல்லக்கூடிய காது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. கிடார் வேறு, வீணை வேறு என்று ஒதுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

12. கழற்றிய கம்பியை அப்படியே குப்பையில் போடாதீர்கள்.

வெட்டிய முனை ஊசிமாதிரி இருக்கும், குப்பை பிரிக்கிற அம்மாவின் கையில் ஏறும். சுருட்டி, புதுக் கம்பி வந்த உறைக்குள்ளேயே திணித்து டேப் ஒட்டிப் போடுங்கள். மெல்லிய முதல் கம்பி மட்டும் தனியாக விற்பார்கள், இரண்டு வாங்கிக் கிடார் பையின் சின்ன அறையில் வையுங்கள். கூடவே ஒரு கட்டிங் பிளேயர். பையின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி, மாற்றிய தேதியும் பிராண்டும் அளவும் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடையில் "எந்த சைஸ் தம்பி?" என்று கேட்டால் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.